குமரி மாவட்டத்திலிருந்து கிறிஸ்துமஸுக்குக் கைப்படச் செய்த பரிசுகளை அனுப்புவது எப்படி?

கடந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நான் கையால் செய்து அனுப்பிய 11 பொதிகளில் 4 மட்டுமே நல்ல நிலையில் போய்ச் சேர்ந்தன. சென்னையிலிருக்கும் மைனி (அண்ணி) பொதியைத் திறந்தபோது, நான் முடைந்த பனையோலைப் பெட்டியின் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. ஷார்ஜாவுக்கு அனுப்பிய முந்திரிக்கொத்து (சிறுபயறு, கருப்பட்டி, தேங்காய் சேர்த்துப் பொரிக்கும் நம் ஊர்ப் பலகாரம்) ஜனவரி முதல் வாரத்தில்தான் கிடைத்தது. அதற்குள் தேங்காய் காறிப்போய்விட்டது. பெங்களூருப் பொதிக்கு, உள்ளே இருந்த பொருளின் விலையைவிடக் கூரியர் கட்டணம் அதிகமாக இருந்தது. இவற்றில் ஒன்றுகூட கைவேலையின் குறையால் வந்ததல்ல. ஈரத்தையும், நாள் கணக்கையும், பெட்டியின் அளவையும் நான் கவனிக்காததால் வந்தவை. முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அதே பணத்தை இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. பொருளுக்கு முன் முகவரிப் பட்டியல்

என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன், யாருக்கு, எந்த ஊருக்கு, எந்த வழியில் போகப்போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுப்பவை, தமிழ்நாட்டுக்குள்ளும் பிற மாநிலங்களுக்கும் அஞ்சலில் போகிறவை, வெளிநாட்டுக்குப் போகிறவை என மூன்றாகப் பிரித்தால் போதும். நேரில் கொடுப்பதென்றால் எதை வேண்டுமானாலும் செய்யலாம். அஞ்சலில் போவதற்கு, உடையாத, ஒழுகாத, 10 நாள் தாங்குகிற பொருள்கள் மட்டும். வெளிநாட்டுக்கு அஞ்சல் வழியாகத் தின்பண்டம் அனுப்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கிருந்து விடுமுறைக்கு வந்து திரும்புகிறவர் யாரேனும் இருந்தால் அவர் கையில் கொடுத்தனுப்புங்கள், இல்லையென்றால் ஓலைப்பொருள் மட்டும் அனுப்புங்கள்.

2. ஓலைப்பெட்டி: மழைக்கு முன்பே ஓலை காய்ந்திருக்க வேண்டும்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் உண்டு. கிறிஸ்துமஸ் வேலை செய்யும் அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் வடகிழக்கு மழை பெய்யும் மாதங்கள். எனவே பனையின் குருத்தோலையைச் செப்டம்பர் வெயிலிலேயே வாங்கி உலர்த்திவிட வேண்டும். நான் நவம்பர் நடுவில் வாங்கினேன். மூன்று நாள் மின்விசிறியின் கீழ் போட்டேன். தொட்டால் காய்ந்ததுபோல்தான் இருந்தது. எனக்கு முடையக் கற்றுக்கொடுத்த ஆச்சி அதைக் கையில் எடுத்து இரண்டாக மடக்கிப் பார்த்துவிட்டு, "மக்ளே, ஓலை இன்னும் சாகல்ல. இத வச்சுப் பெட்டி முடைஞ்சா பூத்துப் போவும்" என்றார். நான் கேட்கவில்லை.

காய்ந்ததா என்பதை அறிய அவர் சொன்ன சோதனை இதுதான்: ஓலையை மடக்கி விரலால் அழுத்தி விடும்போது மெல்லிய படபடப்பு ஒலி கேட்க வேண்டும், மடிப்பில் பச்சை தெரியாமல் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். மூன்று நல்ல வெயில் கிடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஈர்க்கை நீக்கி, கால் அங்குல அகலத்தில் ஒரே சீராகக் கிழித்து, சுருட்டிக் கட்டிக் காற்றுப் புகும் இடத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

முடையும்போது காய்ந்த ஓலை ஒடியும் என்பதால் சற்று ஈரப்படுத்த வேண்டியிருக்கும். வாளித் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். ஈரத்துணியில் அரைமணி நேரம் சுற்றிவைத்தால் போதும். முடைந்து முடித்த பெட்டியை மீண்டும் இரண்டு நாள் உலர்த்திய பிறகே எதையும் உள்ளே வைக்க வேண்டும். ஆறு அங்குலச் சதுரப் பெட்டி ஒன்று மூடியுடன் முடைய, பழகாத கைக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே 12 பேருக்கு 12 பெட்டி என்று கணக்குப் போடாதீர்கள். நெருங்கிய நாலைந்து பேருக்கு நீங்களே முடையுங்கள். மற்றவர்களுக்கு முடைபவர்களிடமே வாங்கிவிடுங்கள். நான் வாங்கிய பெட்டிகள் அளவைப் பொறுத்து 80 முதல் 150 ரூபாய் வரை ஆயின. பேரம் பேசாமல் வாங்கினேன். மூன்று மணி நேர வேலையின் அருமை எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

சாயம் குறித்து ஓர் எச்சரிக்கை. சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய ஓலை கிறிஸ்துமஸுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் சூடான அல்லது எண்ணெய்ப் பசையுள்ள பண்டம் பட்டால் சாயம் இறங்கும். தின்பண்டம் வைக்கும் பெட்டிக்குச் சாயமில்லாத ஓலையே நல்லது. வெளிப்புறத்தில் ஒரு வரி மட்டும் வண்ண ஓலையைக் கோத்துக்கொள்ளலாம். பூச்சி வராமலிருக்க அந்துருண்டை போடும் பழக்கமும் வேண்டாம். அந்த வாடை ஓலையை விட்டுப் போகாது, முந்திரிக்கொத்தில் ஏறிக்கொள்ளும். நாலைந்து கிராம்பைத் துணியில் முடிந்து போட்டால் போதும்.

3. முந்திரிக்கொத்து: எங்கே கெடுகிறது என்று தெரிந்து செய்யுங்கள்

வெளியூரில் இருக்கும் குமரிக்காரருக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது. பெயரில் முந்திரி இருப்பதால் முந்திரிப்பருப்பு வாங்கி வைத்துக்கொண்டு என்னிடம் செய்முறை கேட்ட நண்பர் ஒருவர் உண்டு. இதில் முந்திரிப்பருப்பு கிடையாது, சிறுபயறுதான். முந்திரி என்பது திராட்சைக்கும் பெயர்; மூன்று மூன்றாகச் சேர்ந்து பொரிவது திராட்சைக் கொத்துபோல இருப்பதால் இந்தப் பெயர்.

நான் எடுக்கும் அளவு: சிறுபயறு 1 கிலோ, கருப்பட்டி முக்கால் கிலோ, நன்றாக முற்றிய தேங்காய் 1, எள் 50 கிராம், சுக்கும் ஏலக்காயும் தேவைக்கு. மேல்மாவுக்குப் பச்சரிசி அரை கிலோ, சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு. பொரிக்கத் தேங்காய் எண்ணெய். கருப்பட்டிக்குப் பதில் சர்க்கரையும் சேர்க்கலாம். நம் ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளையாக இருப்பது சீனி என்பதைச் சென்னையிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் மனத்தில் கொள்ளவும். சீனியில் செய்தால் இது முந்திரிக்கொத்தே அல்ல.

பயறை வாசம் வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, மிக நைசாக இல்லாமல் ரவைப் பதத்தில் திரித்துக்கொள்ளுங்கள். தேங்காயைத் துருவி, எண்ணெய் விடாமல், சிறுதீயில், கைவிடாமல் வறுக்க வேண்டும். எனது ஷார்ஜாப் பொதி கெட்டது இந்த இடத்தில்தான். பொன்னிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். உள்ளே ஈரம் இருந்தது. துருவல் செம்பழுப்பாகி, விரலால் நசுக்கினால் பொடியாக உதிர வேண்டும். அதற்குக் குறைந்தது 25 நிமிடம் பிடிக்கும். உடனே தின்னப்போகிறீர்கள் என்றால் பொன்னிறமே போதும். அனுப்பப்போகிறீர்கள் என்றால் போதாது.

கருப்பட்டியைத் தட்டி, மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் உருண்டு நிற்க வேண்டும். பாகு இளகலாக இருந்தால் உருண்டை பிடிக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்கும். திரித்த பயறு, வறுத்த தேங்காய், எள், சுக்கு, ஏலக்காய் எல்லாம் கலந்த மாவில் பாகைச் சூடாகவே ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, ஒரு இரவு திறந்த தட்டில் வைத்து இறுகவிடுங்கள். இந்த ஓர் இரவைச் சேமிக்கப் பார்த்தால் உருண்டைகள் எண்ணெயில் உடைந்து, எண்ணெய் முழுவதும் கலங்கி, அடுத்தடுத்த ஈடுகளும் கறுத்துப்போகும்.

மறுநாள் ஊறிய பச்சரிசியை நைசாக அரைத்து, தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வைத்து, மூன்று உருண்டைகளை ஒன்றாகத் தோய்த்து, ஒட்டியபடியே எண்ணெயில் இடுங்கள். மேல்மாவு உருண்டையை முழுவதும் மூட வேண்டும். ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் அந்த வழியே பாகு கசியும். மேலே மாவு மொறுமொறுப்பானதும் எடுத்துவிடலாம். உள்ளே ஏற்கெனவே வெந்த பொருள்தான்.

மேற்சொன்ன அளவில் ஏறத்தாழ 130 உருண்டைகள், அதாவது 40க்குச் சற்று மேற்பட்ட கொத்துகள் கிடைக்கும். ஆளுக்கு 8 கொத்து வைத்தால் ஐந்து பேருக்குக் காணும். எனக்குப் பொருள்செலவு 700 ரூபாய் அளவுக்கு ஆனது. அதில் கருப்பட்டிக்கும் எண்ணெய்க்கும் மட்டும் பாதிக்கு மேல் போயிற்று. கருப்பட்டியில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பதநீர்க் காலம் முடிந்து பல மாதம் ஆகிவிடுவதால் டிசம்பரில் கடைகளில் இருப்பது சேமித்துவைத்த சரக்கு. பாதி விலைக்குக் கிடைப்பதில் சீனி கலந்திருக்கும்; அப்படிப்பட்டது உடைத்தால் உள்ளே பளபளவென்று மின்னும், வாயில் போட்டால் பனையின் கரிப்பு இராது. நான் முடிந்தவரை ஜூன், ஜூலையிலேயே வாங்கி, காற்றுப்புகாத பானையில் வைத்துவிடுகிறேன்.

சரியாகச் செய்த முந்திரிக்கொத்து 15 நாள் தயக்கமின்றித் தாங்கும். அதற்கு மேல் தாங்கும் என்று யார் சொன்னாலும் அனுப்புகிற பொருளுக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

4. அச்சப்பம்: நேரில் கொடுப்பதற்கு மட்டும்

அச்சை மாவில் முக்கி எண்ணெயில் பொரிக்கும் மெல்லிய பலகாரம் அச்சப்பம். அஞ்சலில் போனால் தூளாகத்தான் சேரும். அண்டைவீட்டாருக்கும் பக்கத்து ஊர் உறவினருக்கும் மட்டும் செய்யுங்கள். புது அச்சு வாங்கினால் முதல் நாள் இரவு கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, கழுவித் துடைத்து, எண்ணெயில் போட்டுச் சிறுதீயில் காயவிட்டுப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவு அச்சை விட்டுப் பிரியவே பிரியாது. அச்சு சூடாக இருக்க வேண்டும், மாவில் முக்கால் பங்குதான் முங்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் கழலாது.

5. சிப்பி வேலை: கையில் எடுப்பதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள்

கன்னியாகுமரிக் கடற்கரையில் சிப்பி பொறுக்கி, புகைப்படச் சட்டமோ தோரணமோ செய்து கொடுப்பது செலவு குறைந்த வழி என்று தோன்றும். சாதாரணச் சிப்பிகளில் சிக்கல் இல்லை. பவளத் துண்டு, கடல்விசிறி, காய்ந்த கடல்குதிரை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை; கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. சங்கு வகைகளிலும் பாதுகாக்கப்பட்டவை உண்டு. பெயர் தெரியாத பெரிய சங்கைத் தொடவே வேண்டாம். கடையில் வாங்கிய சிப்பி என்றால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டுப் பொதியில் சிப்பி, சங்கு எதையும் வைக்காதீர்கள். சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பொருள் தகாது.

சிப்பியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவாமல் ஒட்டினால், மூடிய பெட்டிக்குள் ஒரு வாரத்தில் கருவாட்டு வாடை வந்துவிடும்.

6. தேனும் வீட்டு ஒயினும்

மார்த்தாண்டம் பகுதித் தேனைச் சிறு குப்பிகளில் நிரப்பி, கையெழுத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொடுப்பது நல்ல பரிசு. ரப்பர் தோட்டங்களில் எடுக்கும் தேன் குளிரில் உறையும் இயல்புடையது. உறைந்தால் கலப்படம் என்று வாங்குகிறவர் நினைத்துக்கொள்வார். வெந்நீரில் குப்பியை வைத்தால் இளகிவிடும் என்று சீட்டிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். ஈரக்கரண்டி பட்ட தேனை நிரப்பாதீர்கள். புளித்து மூடியைத் தள்ளும்.

வீட்டில் போடும் திராட்சை ஒயினை அனுப்பலாமா என்று பலர் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே குற்றம். அஞ்சலில் அனுப்புவது அதற்கு மேல். அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

7. பொதி கட்டுவதில்தான் பணம் போகிறது

பொரித்தது எதுவானாலும், முழுவதும் ஆறிய பிறகே மூட வேண்டும். கையில் தொட்டுச் சூடு இல்லை என்பது போதாது. ஆறு மணி நேரம் துணி மூடி வைத்திருங்கள். பிறகு வெண்ணெய்த்தாளில் சுற்றி, காற்றுப்புகாத கவரில் போட்டு, அதை ஓலைப்பெட்டிக்குள் வையுங்கள். ஓலைப்பெட்டி அழகுக்கு; காற்றைத் தடுப்பது கவர்தான்.

இனி பெங்களூருக் கதை. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோவாகக் கொள்கிறார்கள். தராசு எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். என் அட்டைப்பெட்டி 30 × 30 × 25 சென்டிமீட்டர்; கணக்குப்படி நாலரைக் கிலோ. தராசில் 2 கிலோதான் இருந்தது. ஓலைப்பெட்டி காற்றை அடைத்துவைத்திருக்கும் பொருள் என்பதால் இந்த அடி நமக்குத்தான் அதிகம் விழும். பெட்டியை முடைவதற்கு முன்பே, அது எந்த அட்டைப்பெட்டிக்குள் நுழையும் என்று பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். இரண்டு ஓலைப்பெட்டிகள் என்றால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி முடையலாம். அட்டைப்பெட்டி ஐந்து அடுக்காக இருக்கட்டும். மூன்றடுக்குப் பெட்டி மழையில் நனைந்தால் நமத்துவிடும். அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை அவசியம். முகவரியை மையில் எழுதினால் அதன் மேல் ஒட்டுநாடா ஒட்டுங்கள்.

8. ஆவணங்களும் வழிகளும்

உள்நாட்டுக்கு அஞ்சலகமே எனக்குப் பிடித்த வழி. அனுப்புநர், பெறுநர் இருவரின் தொலைபேசி எண்ணும் பின்கோடும் பொதியின் மேல் இருக்க வேண்டும். அடையாள அட்டை நகல் ஒன்று கையில் இருக்கட்டும்; கூரியர் கடைகளில் கேட்கிறார்கள். உள்ளே என்ன என்று கேட்டால் 'பரிசு' என்று சொல்லாமல், 'வீட்டில் செய்த பலகாரம், ஒன்றரைக் கிலோ' என்று சொல்லுங்கள். சென்னைக்கு நாகர்கோவில் வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து பேருந்தில் போட்டுவிடும் வழியும் உண்டு. வேகமானது, ஆனால் பெறுகிறவர் அதிகாலையில் போய் நின்று வாங்க வேண்டும். வயதானவர்களுக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டு அஞ்சலுக்குச் சுங்க அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை, மதிப்பு ஆகியவற்றைத் தனித்தனி வரியில் எழுதி, அன்பளிப்பு என்ற கட்டத்தில் குறியிடுங்கள். நான் 'கைவினைப் பொருள்கள்' என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிய பொதி ஒன்று 20 நாள் கழித்து என்னிடமே திரும்பி வந்தது. அமீரகத்துக்கு என்றால் பெறுநரின் அஞ்சல்பெட்டி எண்ணையும் கைபேசி எண்ணையும் கேட்டு வாங்காமல் அஞ்சலகத்துக்குப் போகாதீர்கள்.

திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாகப் போகிறவரிடம் கொடுத்தனுப்பும்போது மூன்று விஷயங்கள். முதலாவது, கசகசா: அமீரகம், சவூதி, கத்தார் ஆகிய நாடுகளில் அது தடைசெய்யப்பட்ட பொருள், சிறைவரை போகக்கூடியது. இனிப்பில் தூவுவதோ, மசாலாப் பொட்டலத்தில் சேர்ப்பதோ கூடாது. உங்கள் பலகாரத்தில் அது இல்லை என்பதை எடுத்துச் செல்கிறவரிடம் வாயால் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, கொப்பரை: எண்ணெய் மிகுந்து எளிதில் தீப்பற்றும் என்பதால் விமானத்தில் அதற்கு அனுமதி இல்லை. மூன்றாவது, தேன்: கைப்பையில் 100 மில்லி லிட்டருக்கு மேல் விடமாட்டார்கள், பெரிய குப்பியானால் மூடியை ஒட்டுநாடாவால் சுற்றிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். பொதியைத் தைத்தோ ஒட்டியோ கொடுக்காதீர்கள். அவர் திறந்து பார்த்து எடுத்துச் செல்லட்டும். அடுத்தவர் பெட்டியைத் திறக்காமல் சுமக்கச் சொல்வது முறையல்ல.

பரிசாகக் கொடுப்பதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை. சுவை பிடித்துப்போய் யாராவது பணம் கொடுத்துக் கேட்கத் தொடங்கினால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகே விற்க வேண்டும். சிறு அளவில் செய்பவர்களுக்கான அடிப்படைப் பதிவை நான் இணையத்தில் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். புகைப்படமும் அடையாள அட்டையும் கேட்டார்கள்.

9. நாள்கணக்கு

செப்டம்பர்: ஓலை வாங்கிக் காயவைத்தல். அக்டோபர், நவம்பர்: முடைதல், மழைநாளில் வீட்டுக்குள் இருந்து செய்யத்தக்க வேலை இது. நவம்பர் இறுதிக்குள் பயறு, எள், அட்டைப்பெட்டி, கவர் எல்லாம் வாங்கிவிடுங்கள். நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 அன்று முடியும். அந்த நாட்களில் கோட்டாறு கடைவீதிக்குச் சாமான் வாங்கப் போனால் அரைநாள் நெரிசலிலேயே கழியும். மூன்றாம் தேதி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கான ஓலைப்பொருள்கள் நவம்பர் 25க்குள் அஞ்சலகத்தில் இருக்க வேண்டும். உள்நாட்டுக்கான முந்திரிக்கொத்தை டிசம்பர் 12, 13 தேதிகளில் பொரித்து, 15, 16இல் அனுப்பினால், சேரும்போது பத்து நாளுக்குள் இருக்கும். நான் 19ஆம் தேதி அனுப்பியவை 27க்குத்தான் சேர்ந்தன; அந்த வாரம் எல்லோரும் அனுப்புகிற வாரம். அச்சப்பம் 22, 23இல் சுட்டால் போதும்.

20ஆம் தேதிக்குப் பிறகு நினைவுக்கு வருகிறவர் எப்படியும் ஒருவர் இருப்பார். அவருக்கு அவசரமாக மிச்சமிருக்கும் கொத்துகளைக் கட்டி அனுப்பாதீர்கள். பெட்டியை மட்டும் எடுத்துவைத்து, ஜனவரி 5 வாக்கில் புதிதாக ஓர் ஈடு பொரித்து, பொங்கலுக்குச் சேரும்படி அனுப்பிவிடுங்கள்.